வீட்டில் டிவி உண்டு, லைசன்ஸ் இல்லை

பிரிட்டனில் புதிதாக வாடகைக்கு வீடு எடுக்கும் நம் ஆட்களை முதல் மாதத்திலேயே கலங்கடிக்கிற தபால் ஒன்று உண்டு. டிவி லைசன்ஸ் கடிதம். டிவி லைசன்ஸ் என்பது நேரலையாக டிவி பார்க்க ஆண்டுதோறும் பணம் கட்டி எடுக்கும் அனுமதி, அந்தப் பணம் பெரும்பாலும் இந்த ஊர்ப் பொது ஒளிபரப்பு நிறுவனமான பிபிசிக்குப் போகிறது. இந்தக் கடிதம் ஜன்னல் வைத்த உறையில் வரும். பெயர் இருக்காது, 'சட்டப்படி குடியிருப்பவர்' என்று மட்டும் போட்டிருக்கும். பிரித்தால் தடித்த எழுத்தில், இந்த முகவரிக்கு லைசன்ஸ் இல்லை, விசாரணை தொடங்கப்படுகிறது, அதிகாரி நேரில் வரக்கூடும், 1,000 பவுண்டு வரை அபராதம் என்று வரிசையாக இருக்கும். விசாவில் இருக்கிறவர்களுக்கு 'விசாரணை' என்ற சொல்லைப் பார்த்தாலே வயிற்றைப் பிசையும். பல பேர் அந்த நிமிடமே கார்டை எடுத்துப் பணம் கட்டிவிடுகிறார்கள். ஆண்டுக் கட்டணம் 2025 ஏப்ரலில் 174.50 பவுண்டு ஆனது. வீட்டு முன்பணம், முதல் மாத வாடகை எல்லாம் கொடுத்துக் கை காய்ந்திருக்கும் நேரத்தில் அது சின்னத் தொகை கிடையாது. தேவைப்படுகிறவர்கள் கட்டத்தான் வேண்டும். தேவைப்படாதவர்கள் பயத்தில் கட்டிவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது தெற்கு லண்டனில், க்ராய்டனில். வீட்டில் பெரிய டிவி இருக்கிறது. லைசன்ஸ் இல்லாமல்தான் பெரும்பாலும் காலம் ஓடியிருக்கிறது, முழுக்கச் சட்டப்படி.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். உங்களை யாரோ கண்காணித்துக் கண்டுபிடித்துக் கடிதம் போடுவதில்லை. நாட்டில் உள்ள முகவரிகளின் பட்டியல் லைசன்ஸ் பிரிவிடம் இருக்கிறது. எந்த முகவரிக்கு லைசன்ஸ் இல்லையோ, அங்கே கம்ப்யூட்டர் தானாகக் கடிதம் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒரு காலத்தில் கடையில் டிவி வாங்கினால் பெயரும் முகவரியும் கொடுக்க வேண்டும், கடைக்காரர் அதை லைசன்ஸ் பிரிவுக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டமே இருந்தது. 2013இல் அது போய்விட்டது. ஆனாலும் இங்கே பல வருஷமாக இருக்கிற பெரியவர்கள் இன்னும் 'டிவி வாங்கினாலே லைசன்ஸ்' என்று சொல்வார்கள். அது சரியில்லை.

2003ஆம் ஆண்டின் தகவல்தொடர்புச் சட்டம் கேட்பது, பெட்டி இருக்கிறதா என்பதை விட, அதில் என்ன பார்க்கிறீர்கள் என்பதைத்தான். எந்த டிவி சேனலையும் ஒளிபரப்பாகும் நேரத்திலேயே பார்த்தாலோ பதிவு செய்தாலோ லைசன்ஸ் வேண்டும். ஒரு மணி நேரம் தள்ளி ஓடும் சேனல்களும் நேரலைக் கணக்குதான். பிபிசியின் இணையவழி வீடியோ சேவையான ஐபிளேயரில் மட்டும், நேரலையோ பழையதோ, எதைப் பார்த்தாலும் வேண்டும். 2016 செப்டம்பர் 1 முதல் அப்படி. மற்றபடி நெட்ஃப்ளிக்ஸ், பிரைம், டிஸ்னியில் இருக்கும் படங்களும் தொடர்களும், யூடியூப் வீடியோக்கள், ஐடிவிஎக்ஸ், சேனல் ஃபோர் போன்ற மற்ற சேனல்களின் செயலிகளில் பிறகு பார்க்கும் நிகழ்ச்சிகள், டிவிடி, வீடியோ கேம் எதற்கும் வேண்டாம். ரேடியோவுக்கு 1971லேயே எடுத்துவிட்டார்கள்.

நம் வீடுகளில் பெரும்பாலானவர்கள் சறுக்குகிற இடம் வேறு. 'நாங்கள் பிபிசியே பார்ப்பதில்லை, சன் டிவி மட்டும்தான்' என்பார்கள். சன் டிவியும் சேனல்தான். இந்தியாவிலிருந்து வந்தாலும், இன்டர்நெட்டில் வந்தாலும், போனில் பார்த்தாலும், ஒளிபரப்பாகும்போதே பார்த்தால் லைசன்ஸ் வேண்டும். யூடியூபில் ஓடும் தமிழ்ச் செய்திச் சேனலின் நேரலைக்கும் அதே கதைதான். தேர்தல் முடிவு வரும் நாளில் விடியற்காலையில் எழுந்து போனைத் திறந்து வைத்துக்கொள்கிறோமே, அதுவும் இதில் சேரும். நேரலைக் கிரிக்கெட்டுக்கு எந்தச் செயலியில் சந்தா கட்டியிருந்தாலும் அந்தச் சந்தா வேறு, லைசன்ஸ் வேறு. அதே சீரியலை மறுநாள் செயலியில் எபிசோடாகப் பார்த்தால் லைசன்ஸ் தேவையில்லை. வித்தியாசம் நேரத்தில்தான் இருக்கிறது, சேனலில் இல்லை.

அதனால் நானும் என் கணவரும் ஒரு நாள் உட்கார்ந்து, இந்த வீட்டில் யார் யார், எதில், என்ன பார்க்கிறோம் என்று ஒவ்வொன்றாகப் பேசினோம். எனக்கு மறுநாள் எபிசோடு போதும். அவருக்குக் கிரிக்கெட் சுருக்கம் போதும். மகளிடம்தான் சிக்கல். அவளுக்குப் பிடித்த குழந்தை நிகழ்ச்சிகள் பிபிசியின் குழந்தைகள் சேனலான சீபீபீஸில் வருபவை. அவற்றை ஐபிளேயரில் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் வீடுகளிலிருந்து அவளுக்கும் அந்தப் பழக்கம் ஒட்டியிருந்தது. லைசன்ஸ் எடுப்பதில்லை என்று முடிவு செய்த பிறகு டேப்லெட்டிலும் டிவியிலும் ஐபிளேயர் செயலியை நீக்கினோம். பள்ளியில் சொல்லும் பிபிசி பைட்சைஸ் பாடங்களுக்கு லைசன்ஸ் வேண்டாம் என்பதால் அதை விட்டுவைத்தோம். கூரை ஏரியலிலிருந்து வரும் வயரை டிவியின் பின்பக்கத்திலிருந்து கழற்றிச் சுருட்டி வைத்தோம். டிவியில் சேனல்களை டியூன் செய்யவே இல்லை. சட்டத்தில் 'பயன்படுத்துவது' மட்டுமல்ல, அதற்காகப் 'பொருத்தி வைப்பதும்' இருக்கிறது. அதனால் இதைச் செய்துவிடுவது நல்லது என்று எனக்குத் தோன்றியது. இன்னொன்று, சில ஸ்மார்ட் டிவிகள் ஆன் செய்ததும் ஏதோ ஒரு இலவச நேரலைச் சேனலைத் தானாகவே ஓடவிடும். செட்டிங்ஸில் தேடிப்போய் அதையும் நிறுத்த வேண்டியிருந்தது.

இந்த வேலையைச் செய்யாமல் வாசலில் நின்று 'எங்களுக்கு வேண்டாம்' என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. வீட்டுக்குள் விஷயம் நேராக இருந்தால் பேச்சும் நேராக வரும்.

அப்புறம் அறிவிப்பு. இணையத்திலேயே 'எங்களுக்கு லைசன்ஸ் தேவையில்லை' என்று பெயரையும் முகவரியையும் கொடுத்துப் பதியலாம். இரண்டு ஆண்டுக்கு அது செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் கடிதங்கள் திரும்பவும் வரத் தொடங்கும். இப்படி அறிவிக்க வேண்டும் என்று சட்டக் கட்டாயம் எதுவும் இல்லை. 'நான் செய்யாத ஒன்றைச் செய்யவில்லை என்று ஏன் சொல்ல வேண்டும்' என்று பதில் போடாமலே இருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் குழந்தை இருக்கிற வீட்டில் மாதாமாதம் மிரட்டும் தொனியில் ஒரு கடிதத்தைப் பார்ப்பதை விட, ஐந்து நிமிடம் செலவழித்துப் பதிந்துவிடுவதுதான் எனக்கு உசிதமாகப் பட்டது. அறிவித்தாலும் சரிபார்க்க ஆள் வரலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டுக்கும் வந்தார். பகல் நேரம், நான் மட்டும் இருந்தேன். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு சின்னக் கருவி. அட்டையைக் காட்டச் சொன்னேன், காட்டினார். மரியாதையாகத்தான் பேசினார்.

"வீட்டில் டிவி பார்ப்பீர்களா?" என்று கேட்டார்.

"நேரலையாக எந்தச் சேனலும் பார்ப்பதில்லை, பதிவு செய்வதில்லை, ஐபிளேயரும் இல்லை" என்றேன்.

"உள்ளே வந்து ஒரு முறை பார்க்கலாமா?"

"மன்னிக்கவும், அனுமதி இல்லை. அறிவிப்புக் கொடுத்திருக்கிறோம். வேறு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் எழுத்தில் அனுப்புங்கள்."

கருவியில் ஏதோ தட்டிக்கொண்டார், நன்றி சொன்னார், போய்விட்டார். அவ்வளவுதான்.

இதை வரி வரியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வருகிறவர் போலீஸ் கிடையாது, குடிவரவுத் துறை ஆளும் கிடையாது. உங்கள் அனுமதி இல்லாமல் வீட்டுக்குள் கால் வைக்க அவருக்கு உரிமை இல்லை. போகச் சொன்னால் போய்விட வேண்டும். உள்ளே விடாததே குற்றத்துக்குச் சாட்சி ஆகாது. மாஜிஸ்ட்ரேட்டிடம் வாரண்ட் வாங்கி வந்தால் மட்டும் நிலைமை வேறு. தக்க காரணம் காட்டினால்தான் வாரண்ட் கிடைக்கும், கிடைத்ததிலிருந்து ஒரு மாதத்துக்குத்தான் செல்லும். அப்படி ஒன்றைக் காட்டினால் படித்துப் பார்த்துவிட்டு வழிவிடுங்கள், தடுப்பது தனிக் குற்றம். எனக்குத் தெரிந்த வட்டத்தில் வாரண்டோடு யாரும் வந்ததில்லை.

எங்கள் தெருவிலேயே ஒரு நண்பர் அந்த அதிகாரியை உள்ளே அழைத்து டிவியைக் காட்டினார். அவர் பார்த்தார், குறித்துக்கொண்டார், பிரச்சினை எதுவும் வரவில்லை. அதுவும் ஒரு வழிதான். ஆனால் வீட்டில் பெண் தனியாக இருக்கும்போது முன்பின் தெரியாத ஒருவரை உள்ளே விட வேண்டியதே இல்லை என்பது என் கருத்து. இந்த விஷயத்தில் பெண்களுக்கு இன்னொரு அபாயமும் உண்டு. 2019இல் இந்தக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர்களில் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பேர் பெண்கள். பெண்கள் அதிகம் டிவி பார்ப்பதால் அப்படி ஆகவில்லை. பகலில் வீட்டில் இருந்து கதவைத் திறக்கிறவர் பெரும்பாலும் பெண், வழக்கு யாரிடம் வாக்குமூலம் வாங்கினார்களோ அவர் பெயரில்தான் போகும். கணவர் கிரிக்கெட் பார்த்திருப்பார், கதவைத் திறந்து 'ஆமாம், பார்ப்போம்' என்று சொன்ன மனைவி பெயரில் நோட்டீஸ் வரும். ஊரிலிருந்து வந்து ஆங்கிலம் பழகிக்கொண்டிருக்கிற தங்கைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள். 'நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் சொல்வது சாட்சியாகப் பயன்படலாம்' என்கிற மாதிரி வந்த அதிகாரி படிக்கத் தொடங்கினால், அது சாதாரணப் பேச்சு இல்லை, வழக்குக்கான விசாரணை. அங்கே பதில் சொல்லாமலும் கையெழுத்துப் போடாமலும் கதவைச் சாத்த உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. பொய் மட்டும் சொல்லாதீர்கள்.

'டிவி பார்ப்பீர்களா' என்ற கேள்விதான் ஆபத்தானது. நமக்கு டிவி என்றால் அந்தத் திரையில் ஓடுவது எல்லாமே டிவி. நெட்ஃப்ளிக்ஸை நினைத்து 'ஆமாம்' என்றுவிடுவோம். நேரலை, பதிவு, ஐபிளேயர் என்ற மூன்று சொற்களை வைத்தே பதில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன், எம்எஸ்சி படிக்க வந்தவன், பகிர்ந்த வீட்டில் ஓர் அறையில் இருந்தான். லேப்டாப்பில் நேரலையாகக் கிரிக்கெட் பார்க்கிறவன். கேட்டபோது உண்மையைச் சொல்லிப் படிவத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டான். சில மாதம் கழித்து ஒரு கடிதத்தோடு வந்து, "அக்கா, இதுவும் அந்த மாதிரிக் கடிதம்தானே, தூக்கிப் போட்டுடவா?" என்று கேட்டான். வாங்கிப் பார்த்தால் அவன் முழுப் பெயர் இருந்தது, வழக்கு எண் இருந்தது, குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா இல்லையா என்று கட்டம் போட்ட படிவம் இருந்தது. கோர்ட் நோட்டீஸ். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்த வழக்குகள் பெரும்பாலும் ஒரே ஒரு மாஜிஸ்ட்ரேட் காகிதங்களைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் முறையில்தான் போகின்றன. கோர்ட்டுக்குப் போகவே வேண்டாம். ஆனால் 21 நாளுக்குள் பதில் போடாவிட்டால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பு வந்துவிடும்.

தம்பி பார்த்தது உண்மை, அதனால் ஒப்புக்கொள்ளச் சொன்னேன். முதலிலேயே ஒப்புக்கொண்டால் அபராதத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை குறையும். கூடவே இருக்கும் வருமானப் படிவத்தை நிரப்புவது அதைவிட முக்கியம். அபராதம் வார வருமானத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. நிரப்பாவிட்டால் கோர்ட்டே ஒரு வருமானத்தை அனுமானித்துக்கொள்ளும், பகுதி நேர வேலை பார்க்கிற மாணவனுக்கு அது அநியாயமாகப் போய்விடும். அபராதமும் செலவுத் தொகையும் சேர்த்துத் தவணையில் கட்டினான், லைசன்ஸும் எடுத்தான். இந்தக் குற்றத்துக்குச் சிறைத்தண்டனை கிடையாது. அபராதத்தை வேண்டுமென்றே கட்டாமல் விட்டால்தான் அது வேறு விவகாரமாகும். பின்னால் விசாவுக்கோ குடியுரிமைக்கோ விண்ணப்பிக்கும்போது தண்டனை, அபராதம் பற்றிக் கேள்விகள் வரும், அங்கே மறைக்காமல் எழுத வேண்டும் என்றும் அவனிடம் சொல்லி வைத்தேன்.

ஆக, பெயரில்லாத கடிதத்தையும் பெயரோடு வரும் கோர்ட் நோட்டீஸையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். மெயிலில் 'உங்கள் லைசன்ஸ் காலாவதியாகிறது, இங்கே அழுத்துங்கள்' என்று வருபவை இன்னொரு வகை. அவற்றில் நிறைய மோசடி. எந்த இணைப்பையும் அழுத்தாமல் தளத்தின் முகவரியை நீங்களே டைப் செய்து போய்ப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் லைசன்ஸ் எடுத்த காலமும் உண்டு. ஈரோட்டிலிருந்து அத்தை ஆறு மாதம் தங்க வந்தபோது எடுத்தோம். அவருக்குச் சீரியல் அந்தந்த நேரத்தில் பார்த்தால்தான் சீரியல். ஊரில் இரவு எட்டு மணி என்றால் இங்கே கோடையில் மதியம் மூன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை. அந்த நேரத்துக்குக் காபியோடு சோபாவில் உட்கார்ந்துவிடுவார். ஊரில் அதே நேரம் அவருடைய தங்கையும் பார்த்துக்கொண்டிருப்பார், விளம்பர இடைவேளையில் இரண்டு பேரும் போனில் பேசிக்கொள்வார்கள். மறுநாள் பாருங்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "ஏம்மா, நம்ம ஊர் சேனலைப் பார்க்க இந்த ஊர்க்காரங்களுக்குப் பணமா?" என்று கேட்டார். சட்டம் அப்படி என்றேன். அவர் வந்த வாரத்திலேயே எடுத்தோம். மாதத் தவணையில் புதிதாகச் சேர்ந்தால் முதல் ஆண்டுத் தொகையை முதல் ஆறு மாதத்திலேயே பிரித்து எடுத்துக்கொள்கிறார்கள், 174.50 பவுண்டுக் கட்டணத்துக்கு மாதம் 29 பவுண்டு சொச்சம் வரும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். அத்தை ஊருக்குப் போனதும் ரத்து செய்து, மீதியிருந்த முழு மாதங்களுக்கான பணத்தைத் திரும்பக் கேட்டோம், வந்தது. மறுபடியும் 'தேவையில்லை' அறிவிப்பைப் பதிந்தோம். பெற்றோர் வந்து போகிற வீடுகளுக்கு இதுதான் சரியான வழி. 'ஆறு மாசம்தானே, யார் வரப்போகிறார்கள்' என்று விட்டால், கதவைத் திறந்து மாட்டிக்கொள்பவர் அந்த வயதானவராகவே இருக்கலாம்.

இவ்வளவு எழுதுவதால் பிபிசி மேல் எனக்குக் கோபம் என்று நினைக்க வேண்டாம். பிபிசியின் தமிழ் வானொலி நிகழ்ச்சியான தமிழோசை கேட்டு வளர்ந்த வீடு எங்களுடையது. 1941இல் தொடங்கி 2017 ஏப்ரல் வரை ஒலித்த அந்த நிகழ்ச்சியை அப்பா ராத்திரியில் சிற்றலையில் இரைச்சலுக்கு நடுவே காதை வைத்துக் கேட்பார். நம்பகமான செய்திக்கு மக்கள் பணம் கொடுப்பது நல்ல ஏற்பாடு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். என் ஆதங்கமெல்லாம், சட்டப்படி கட்ட வேண்டியிராத ஏழை மாணவனும் தனியாக இருக்கும் பெண்ணும் பயத்தால் கட்டுவது பற்றித்தான்.

பகிர்ந்த வீடுகளில் இருப்பவர்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். எல்லோரும் சேர்ந்து ஒரே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் வீட்டுக்கு ஒரு லைசன்ஸ் போதும். அறைக்கு அறை தனி ஒப்பந்தம் என்றால் நேரலை பார்க்கிற ஒவ்வொருவருக்கும் தனியாக வேண்டும், பக்கத்து அறைக்காரரின் லைசன்ஸ் உங்களுக்கு உதவாது. லைசன்ஸ் ஆளுக்கு இல்லை, முகவரிக்கு. வீடு மாறினால் அதையும் மாற்ற வேண்டும். 'தேவையில்லை' அறிவிப்பும் பழைய வீட்டோடு நின்றுவிடும், புது வீட்டுக்குப் புதிதாகப் பதிய வேண்டும். பிபிசி இயங்க அடிப்படையாக இருக்கும் இப்போதைய அரச சாசனம் 2027 டிசம்பர் 31 வரைதான். அதற்குப் பிறகு இந்தக் கட்டண முறையே மாறலாம். அப்போது நான் எழுதியதையோ வாட்ஸ்அப்பில் வருவதையோ நம்பிக்கொண்டிராமல், அன்றைய விதியை அரசின் தளத்தில் நேராகப் படித்துக்கொள்ளுங்கள்.